ஜப்பான் வுட் பிளாக், கிழக்குப் பார்த்தது

சிட்னி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முறுக்கைப் பார்த்தார், எள்ளுருண்டையைப் பார்த்தார், அக்கா கொடுத்தனுப்பிய வடகத்தை முகர்ந்துகூடப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்த மரக்கட்டையை எடுத்தார். ஒரு பக்கம் செதுக்கிய கட்டை அது. மழை, ஒரு பாலம், குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேர்.

"இது என்ன?"

"அச்சுக் கட்டை. ஜப்பானிய மர அச்சுப் படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எப்படிச் செதுக்குவார்கள் என்று காட்டுவதற்கு."

அவர் கட்டையைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தார். பின்பக்கம் குண்டூசி நுழையும் அளவுக்கு நான்கு துளைகள். "உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள்" என்றார் மிகுந்த மரியாதையோடு. விசா இல்லாமல் வந்த அந்த வண்டுகளை அவர் நாட்டுக்குள் விடுவதாக இல்லை. ஆக, மரக்கட்டை அச்சைப் பற்றிப் பேசுவதற்காக, கட்டை இல்லாமல், முறுக்கோடு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தேன்.

நான் சிவகாசிக்காரன். காலண்டர் அச்சகம் ஒன்றில் பத்தொன்பது வருடம் கலர் பார்த்தவன். மயிலின் கழுத்தில் நீலம் தூக்கலாகிவிட்டதா, லட்சுமியின் கன்னத்தில் மஞ்சள் ஏறிவிட்டதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தே கண்ணாடி போட்டவன். நாம் நாலு கலரை மெஷினில் விட்டு அடிப்பதை, ஜப்பான்காரன் கலருக்கு ஒரு கட்டை செதுக்கி, கையால் தேய்த்தே, மயிரிழை விலகாமல் அடித்திருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் பொறாமை கலந்த காதல். அந்தக் காதலில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினேன். அது அமோகமாக விற்காமல் கிடந்தது. எப்படியோ ஒரே ஒரு பிரதி கடல் கடந்து மெல்பர்ன் ஓரத்தில், கிரான்பர்னில் இருக்கும் ஒரு நூலகத்துக்குப் போய்விட்டது. அங்கே வேலை பார்க்கும் ரஞ்சினி அதைப் படித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதினாள். ஆசிரியருக்கு வாசகர் கடிதம் வந்தால் அவன் வடதுருவத்துக்குக்கூடப் போவான். நான் தென்பக்கம் போனேன்.

ரஞ்சினிக்கு நிஜமாகவே ஒரு நெருக்கடி இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். சனிக்கிழமைகளில் நூலகத்தில் தமிழ் நேரம் என்று ஒன்றை நடத்துகிறாள். பிள்ளைகள் வருவார்கள், கதை படிப்பார்கள், ஆங்கிலத்தில் சண்டை போடுவார்கள். ஆள் வரத்து குறைந்துவிட்டது. நூலகத்துக்கு ஒருவர் தன் சேகரிப்பிலிருந்து முப்பது ஜப்பானிய மர அச்சுப் படங்களைக் காட்சிக்குக் கொடுத்திருந்தார். எல்லாம் தோக்கியோ நகரம் மாறிய கதையைச் சொல்லும் படங்கள். அதையொட்டி ஒவ்வொரு மொழியிலும் ஒரு கூட்டம். தமிழ்க் கூட்டத்துக்கு அந்தப் பகுதியில் வசிப்பவர்கள் நாற்பது பேராவது வந்து பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதினால் தமிழ் நேரம் தொடரும், ரஞ்சினியின் வேலையும் தொடரும். இல்லையென்றால் அந்த அறை யோகா வகுப்புக்கு. யோகாவுக்கு ஆள் சேருமா என்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

முதல் நாள் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில், அக்கா மகன் பிரபு வீட்டில். ரயிலைவிட்டு இறங்கினால் பாதிக் கடை கொரியா, மீதிக் கடை நம்ம ஆட்கள். காப்பி கேட்டேன். ஃபிளாட் ஒயிட் என்று ஒன்று கொடுத்தார்கள். பெயரைக் கேட்டபோது சுவருக்கு அடிப்பது என்று நினைத்தேன், குடித்தபோதும் அந்த எண்ணம் மாறவில்லை.

மாலையில் பிரபுவின் நண்பர்கள் நாலு குடும்பம் சாப்பிட வந்தார்கள். சிவகாசியிலிருந்து வந்த மாமா என்றதும் பட்டாசு பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள். அதோடு என் சேப்டர் முடிந்தது. அப்புறம் ராத்திரிச் சாப்பாடு முடிகிற வரைக்கும் ஒரே வார்த்தைதான்: பிளாக்.

"பிளாக் செட்டில் ஆயிடுச்சா?"

"எங்கங்க, டைட்டில் இன்னும் வரல. கார்னர் பிளாக் வேணும்னு இவ நின்னா. இப்ப அது நார்த் ஃபேசிங்னு இவங்கம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க."

பிரபுவிடம் கேட்டேன். வீடு கட்டுவதற்கு விற்கும் மனைக்கு இங்கே பிளாக் என்று பெயராம். "இங்க நம்மாளுங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கிறதுக்கு முன்னாடி பிளாக் வாங்கிட்டீங்களான்னு கேப்பாங்க மாமா" என்றான். ஆட்டுக்கறிக் குழம்பு அருமையாக இருந்ததால் இந்தத் தகவலை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் பிளாக்டவுன். அங்கே நம் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கறிவேப்பிலையை மட்டும் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். நகைக்கடையில் கேட்பதுபோல் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். கடைக்குள் நிற்கும்போது ரஞ்சினி போனில் அழைத்தாள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்குத் தமிழில் நான் எழுதிக் கொடுத்த அறிவிப்பில் ஒரு திருத்தம் வேண்டுமாம்.

நான் எழுதியது இதுதான்: 'கிழக்குத் தலைநகரம்: மாறும் நகரின் ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்கள். அனுமதி இலவசம். நாற்பது இடங்கள் மட்டுமே.' தோக்கியோ என்றாலே கிழக்குத் தலைநகரம் என்றுதான் அர்த்தம். நாற்பது இடங்கள் மட்டும் என்றது ஒரு தந்திரம். நூறு நாற்காலி போட்டாலும், கொஞ்சம்தான் இருக்கிறது என்று சொன்னால்தான் நம் ஜனம் வரும்.

"அண்ணை, மரக்கட்டை எண்டு போட வேண்டாம்" என்றாள் ரஞ்சினி. "சனம் செத்தவீட்டு நோட்டீஸ் எண்டு நினைக்கும்."

எங்கள் பக்கத்தில் கட்டை என்றால் வேறொரு சிக்கல் உண்டு. அதை ஒரு பெண்ணிடம் விளக்க எனக்குத் துணிச்சல் இல்லை. "சரிம்மா, அப்ப என்ன போடலாம்?"

"வுட் பிளாக் எண்டே போடுவம். எல்லாருக்கும் விளங்கும்."

எல்லாருக்கும் விளங்கியது. அதுதான் பிரச்சினை.

மூன்றாம் நாள் மெல்பர்ன். சிட்னிக்காரர்கள் மெல்பர்னில் ஒரே நாளில் நாலு பருவமும் வரும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். நான் பார்த்தவரை ஒரு பருவம்தான், அது நனைகிற பருவம். கிரான்பர்ன் போகும் ரயில் பாதையில் வேலை நடப்பதால் ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டிருந்தார்கள். ரயில் ஓடவில்லை என்பதற்காகச் சிரித்த முகத்தோடு மன்னிப்புக் கேட்க ஆரஞ்சு சட்டை போட்ட ஆறு பேரை நிறுத்தியிருந்தார்கள். நம் ஊரில் மன்னிப்பும் இருக்காது, பஸ்ஸும் இருக்காது. நேராக வீட்டுக்குப் போய்விடலாம்.

பஸ் டிரைவர் அந்தப் பக்கத்துக்குப் புதியவர் போலிருக்கிறது. போனில் இருந்த மேப் சொன்னபடி வண்டியைத் திருப்பிக்கொண்டே போனார். ஒரு திருப்பத்தில் ரோடு முடிந்து கம்பி வேலி வந்தது. மேப்பில் ரோடு இருந்தது, தரையில் இல்லை. பின்னால் திரும்பினால், மேப்பில் வயல்வெளி என்று காட்டிய இடத்தில் நூறு வீடுகள் ஒரே மாதிரி சாம்பல் கூரையோடு நின்றன.

"இந்த மேப் பாதி போன வருஷத்து ஊரைச் சொல்கிறது, பாதி அடுத்த வருஷத்து ஊரைச் சொல்கிறது" என்று டிரைவர் எங்கள் எல்லாரிடமும் ஆங்கிலத்தில் முறையிட்டார்.

முன்சீட்டில் இருந்த வெள்ளைக்கார அம்மா ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "போன கிறிஸ்துமஸுக்கு இங்கே மாடு நின்றது" என்றாள். அந்த மாடுகள் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. டிரைவர் பஸ்ஸை அரை கிலோமீட்டர் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்.

புதுக் குடியிருப்பு எஸ்டேட்களின் முகப்புகளில் கல்வெட்டு மாதிரி பெயர்ப் பலகைகள். ஏதோ ஒரு 'வுட்ஸ்', ஏதோ ஒரு 'கிரீன்', ஏதோ ஒரு 'ரைஸ்', அரிசி இல்லை, மேடு. வெட்டித் தள்ளிய மரத்தின் நினைவாக வுட்ஸ் என்று பெயர் வைத்திருப்பார்கள் போல. என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் நூலகத்துக்குப் போனபோது ரஞ்சினி அவர்கள் ஊர்ப் பலகாரங்களான பற்றிஸையும் ரோல்ஸையும் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலி, ரஞ்சினி பாஷையில் கதிரை, போதாது என்று பக்கத்துத் தெருவில் இருக்கும் யோகன் என்பவர் தன் வேனில் இருபது மடக்குக் கதிரை கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டிய மனிதர், பால் லாரி ஓட்டுகிறாராம். அவர் கூட்டத்துக்கு வந்தவர் இல்லை. கதிரையைப் போட்டுவிட்டு, முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போக வந்தவர்.

பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பதரைக்கே வாசலில் வரிசை.

சிவகாசியில் என் புத்தக வெளியீட்டுக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அதில் மூன்று பேர் மைக்செட்காரர்கள். இங்கே அறுபது பேர் நின்றார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், யாழ்ப்பாணத்தார், தொப்பி போட்ட கொழும்பு அங்கிள் ஒருவர், கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் ஃபைல். குறிப்பெடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. புலம்பெயர்ந்த தமிழனின் கலைத்தாகம் என்று தலைப்புகூட மனசுக்குள் வைத்துவிட்டேன்.

பதிவேட்டில் எழுத முண்டியடித்தார்கள். "நான்தான் முதல்ல வந்தேன், என் பேரு முதல்ல இருக்கணும்" என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பேனாவைப் பிடுங்கினார். பெயர் செல்வகுமார், ஐ.டி.யில் வேலை. போன் நம்பரை அவராகவே இரண்டு தடவை எழுதினார். ரஞ்சினி எண்ணிக்கொண்டே வந்தாள். அறுபத்தொன்று ஆனதும் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு சிரிப்பு. அவளுடைய வேலை நிலைத்துவிட்டது, தமிழ் நேரம் பிழைத்துவிட்டது. யோகாக்காரர்கள் வேறு இடம் பார்க்கட்டும்.

"அண்ணை, தொடங்க முந்தி இந்த மண்ணுக்கு உரிய ஆக்களுக்கு மரியாதை சொல்லவேணும். இஞ்ச எல்லாக் கூட்டத்திலயும் சொல்லுறது. நீங்கள் தமிழில சொல்லுங்கோ" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தாள்.

இந்த ஊரில் அது ஒரு வழக்கம். பள்ளிக்கூட விழாவிலிருந்து பல் டாக்டர் மாநாடு வரை, முதலில் அந்தப் பகுதியின் ஆதி மக்கள் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை. பிறகு அவர்கள் மண்ணில் மற்ற வேலை நடக்கும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

"நாம் இன்று கூடியிருக்கும் இந்த நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களான புனுராங் மக்களுக்கும் அவர்களுடைய மூத்தோருக்கும் நம் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

செல்வகுமார் கையைத் தூக்கினார்.

"சார், ஓனர் பார்ட்டி வந்திருக்காங்களா?"

"என்ன?"

"இல்ல சார், உரிமையாளர்னு சொன்னீங்களே. நேரா அவங்ககிட்டயே பேசிக்கலாம்ல? நடுவுல ஏஜென்ட் வேணாம்னு பாக்கறேன்."

அறையில் பல தலைகள் ஆமோதித்தன. கொழும்பு அங்கிள், "ஓம், அதுதான் நல்லது" என்றார். நான் ரஞ்சினியைப் பார்த்தேன். ரஞ்சினி பற்றிஸைப் பார்த்தாள்.

"எதைப் பற்றிப் பேசணும்?" என்றேன்.

செல்வகுமார் தன் போனை நீட்டினார். நான் எழுதிய அறிவிப்பு, எத்தனை வாட்ஸ்அப் குழுக்களைக் கடந்து வந்ததோ, வழியில் மெலிந்து இப்படி ஆகியிருந்தது: 'மாறும் நகரம்! ஜப்பான் வுட் பிளாக், கிழக்குப் பார்த்தது. நாற்பது இடம் மட்டும். முந்துங்கள்!' அதன் கீழே யாரோ ஒரு புண்ணியவான், 'ஜப்பான் கம்பெனி, குவாலிட்டி நல்லா இருக்கும்' என்று சேர்த்திருந்தார்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஃபைலில் இருந்தது பேங்க் கடன் கடிதம். அப்பா அம்மாக்கள் வந்தது வாஸ்து பார்க்க.

"ஐயா, இது மனை விற்கிற கூட்டம் இல்லை. படம். மரத்தில் செதுக்கி அச்சடித்த படம்" என்றேன். ஒரு பெண், "பெயின்டிங்கா?" என்றாள், பாலில் பல்லி விழுந்ததைச் சொல்கிற குரலில்.

எழுந்தார்கள். எழுந்தவர்கள் சும்மா போகவில்லை. பதிவேட்டிலிருந்து பெயரை வெட்டச் சொன்னார்கள். நம்பர் கொடுத்துவிட்டோம், இனி யார் யாரோ போன் பண்ணுவார்கள் என்று பயம். ரஞ்சினி விதிப்படி நடக்கிறவள். ஒவ்வொரு பெயரின் மேலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். கோடு விழ விழ அவள் முகத்திலிருந்த சிரிப்பும் போய்க்கொண்டிருந்தது. மீதியை எண்ணினாள். முப்பத்தொன்பது.

அந்த முப்பத்தொன்பது பேரும் கலைக்காக இருந்தார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வெளியே மழை கொட்டியது, உள்ளே ரோல்ஸ் சூடாக இருந்தது. செல்வகுமார் போகவில்லை. அவர் இன்னும் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அப்ப அந்த உரிமையாளர்கள்னு சொன்னீங்களே, அவங்க யாரு?"

"இந்த மண்ணில் முதலில் இருந்தவர்கள்."

"அவங்க எப்ப வித்தாங்க?"

"விற்கவில்லை."

"விக்கலையா? விக்காம எப்படி சார் நமக்கு…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த ஃபைலை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். நான் படங்களின் பக்கம் ஓடிப்போனேன் என்பதுதான் உண்மை.

படங்களைச் சொல்ல வேண்டும். மரப்பாலங்களும் கால்வாய்களும் தாழ்ந்த கூரைகளுமாக இருந்த ஊர். ஒரு தலைமுறைக்குள் செங்கல் கட்டடம், நீராவி ரயில், தந்திக் கம்பம், எரிவாயு விளக்கு என்று சட்டையை மாற்றிக்கொள்கிறது. அச்சடித்தவர்கள் அதை அழுதுகொண்டும் செதுக்கவில்லை, கைதட்டிக்கொண்டும் செதுக்கவில்லை. மழையில் நனையும் பழைய பாலத்துக்குக் கொடுத்த நீலத்தையே புது ரயிலின் புகைக்கும் கொடுத்திருக்கிறார்கள். இந்த வாக்கியத்தை நான் சிவகாசியில் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னேன். யாரும் அசையவில்லை.

பிறகு ஒரு வேட்டிக்காரர், யாருடைய அப்பாவோ, கால்வாய்ப் படத்தின் முன்னால் போய் நின்றார். "தண்ணி வடிய வழியில்லையே. வெள்ளம் வர்ற இடம்" என்றார்.

உண்மைதான். அந்தக் கால்வாய் ஓரம் அடிக்கடி முழுகும் இடம். என் புத்தகத்திலேயே அது இல்லை.

அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டது. தந்திக் கம்பம் வீட்டை ஒட்டி நடப்பட்டிருக்கிறது, அந்த வீட்டுக்காரனிடம் கேட்டா நட்டார்கள் என்றார் ஒருவர். செங்கல் வரிசையில் மூலைக் கடை மட்டும் காலியாக இருக்கிறதே என்றாள் கைக்குழந்தைக்காரி. ரோட்டை மூன்று மடங்கு அகலப்படுத்தியிருக்கிறான், அப்படியென்றால் எத்தனை வீட்டை இடித்திருப்பான் என்று கொழும்பு அங்கிள் விரலால் அளந்தார். எங்கள் பக்கத்து ஓவிய விமர்சகர்கள் இந்தப் படங்களில் மௌனத்தைப் பார்ப்பார்கள், வெளியைப் பார்ப்பார்கள். ரோட்டின் அகலத்தைப் பார்க்க மாட்டார்கள். மனை வாங்க வந்த கூட்டம் படம் பார்ப்பதுபோல் வேறு யாரும் பார்த்து நான் கண்டதில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கடைசியில் ஜோடியாக மாட்டியிருந்த இரண்டு படங்கள். ஒரே ஆற்றங்கரை. முதல் படத்தில் சின்ன வீடுகள், வேலி, காயப்போட்ட துணி. இரண்டாவதில் அதே கரையில் வரிசையாகக் கல் கட்டடங்கள். இரண்டாவது படத்தின் ஓரத்தில், கட்டைவிரல் உயரத்துக்கு, ஒரு மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கையில் மூட்டை.

"உவர் ஆர்?"

பின்னாலிருந்து யோகன் கேட்டார். கதிரை ஏற்றிப் போகக் காத்திருந்தவர் எப்போது உள்ளே வந்தார் என்று கவனிக்கவில்லை.

"பெயரெல்லாம் தெரியாதுங்க. ஓரம் காலியாக இருந்தால் படம் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும். இடத்தை நிரப்ப ஒரு ஆளைச் செதுக்குவார்கள்" என்றேன், அச்சகக்காரனின் அகம்பாவத்தோடு.

யோகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். "இடம் நிரப்ப இல்லை. அவன்ர காணி உது. அதுதான் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

அவர் செல்வகுமாரைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி கேட்டவர், விக்காமல் எப்பிடிப் போகும் எண்டு. போகும் தம்பி. எங்களுக்கு மயிலிட்டியில நாலு பரப்பு. விக்கேல்ல. ஒரு நாள் ஆமிக்காரர் வெளிக்கிடச் சொன்னாங்கள், வெளிக்கிட்டம். பிறகு கம்பி போட்டு அடைச்சிட்டாங்கள். நான் போய் வேலிக்கு இஞ்சால நிண்டு பாத்தனான், உவன் மாதிரித்தான். உள்ளுக்கு ஆரோ கட்டடம் கட்டிக்கிடக்கு. உறுதி இப்பவும் என்னட்டக் கிடக்கு."

மயிலிட்டி இலங்கையின் வடக்குக் கரையில் இருக்கும் ஊர், பரப்பு என்பது அவர்கள் பக்கத்து நில அளவு, உறுதி என்பது பத்திரம். கோயம்புத்தூர்க்காரருக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "சாரிங்கண்ணா" என்றார் செல்வகுமார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கும், ஒரு மனிதனை இடம் நிரப்ப நின்றவன் என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ரோல்ஸ் தீர்ந்தது, மழை விட்டது, கூட்டம் கலைந்தது. யோகன் கதிரைகளை மடக்கத் தொடங்கினார். ரஞ்சினி பதிவேட்டோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"யோகன் அண்ணை, நீங்களும் இருந்து பாத்தனீங்கள்தானே. ஒரு பேர் குறையுது. எழுதிவிடுங்கோ."

அவர் வாங்கி எழுதினார். பெயர் எழுதி, அடுத்த கட்டத்தில் ஊரை எழுதினார். ரஞ்சினி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இஞ்சத்தே இடத்தைப் போடவேணும். கிரான்பர்ன் எண்டு" என்றாள். குரல் தயங்கியது. "இஞ்ச இருக்கிற ஆக்களைத்தான் கணக்கில எடுப்பினம்."

"இஞ்ச நான் இருக்கிறன்" என்றார் யோகன். "ஆனா உதில என்ர ஊர் எது எண்டெல்லோ கேட்டுக்கிடக்கு."

ஆங்கிலத்தில் தெளிவான எழுத்தில் மயிலிட்டி என்று எழுதியிருந்தார். ரஞ்சினி வெட்டுகிற ஸ்கேலைக் கையில் வைத்திருந்தாள். வெட்டவில்லை. பதிவேட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். தன் வேலையைத்தான் அப்படி மூடி வைக்கிறாள் என்று நான் பயந்தேன்.

நான் சிட்னிக்குத் திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பிரபு வீட்டில் தோசைக்கு உட்கார்ந்தபோது ரஞ்சினியிடமிருந்து போன் வந்தது.

நூலக மேலாளர் நல்ல மனிதராம். பதிவேட்டை வாங்கி விரலை வைத்து ஊர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறார். கிரான்பர்ன், கிரான்பர்ன் கிழக்கு, கிரான்பர்ன் வடக்கு என்று வந்துகொண்டிருந்த விரல் நாற்பதாவது பெயரில் நின்றது.

"மயிலிட்டி? இது புது எஸ்டேட்டா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் என்ன சொல்லுறது அண்ணை? புதுசில்லை, பழைய இடம் எண்டன்."

அவளே தொடர்ந்தாள்: "எந்தப் பக்கம் எண்டு கேட்டார். வடக்கால எண்டன்."

சொல்லிவிட்டு ரஞ்சினி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். நான் தோசையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு மீதியைச் சொன்னாள். மேலாளர் அலுத்துக்கொண்டாராம்: வடக்குப் பக்கம் மாதத்துக்கு ஒரு புது ஊர் முளைக்கிறது, நினைவு வைத்துக்கொள்ளவே முடிவதில்லை. பிறகு மயிலிட்டிக்கு நேராக ஒரு டிக் அடித்து, கீழே நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.